கவசத்துக்குள் புழுக்கம்

1187 ஜூலை 2ஆம் தேதி இரவு. கலிலேயாவில் சஃபூரியா என்ற ஊரின் நீரூற்றுகளை ஒட்டிச் சிலுவைப் போர்ப் படை கூடாரம் அடித்திருந்தது. கிழக்கே ஒரு நாள் நடைத் தூரத்தில், ஏரிக்கரையில் இருக்கும் திபேரியாவை சுல்தான் சலாவுதீன் முற்றுகையிட்டிருந்தார். போய் மீட்பதா, தண்ணீர் இருக்கிற இடத்திலேயே நிற்பதா என்று ஜெருசலேம் அரசன் கீ தெ லூசிஞான் பிரபுக்களைக் கூட்டிக் கேட்டான். போக வேண்டாம் என்றவர் திரிப்போலிப் பிரபு ரெய்மண்ட். திபேரியா அவர் குடும்பத்து ஊர். உள்ளே அகப்பட்டிருந்தது அவர் மனைவி. அப்படியிருந்தும் அவர் கணக்குத் தெளிவாக இருந்தது: கோடை உச்சத்தில் இரும்பு உடுத்திய ஆட்களைத் தண்ணீரில்லாத மேட்டில் நடத்தினால் வாளை உருவும் முன்பே தோற்றுவிடுவோம். அரசன் தலையாட்டினான். எல்லோரும் படுக்கப் போன பின் டெம்ப்ளர் என்ற போர்த்துறவியர் சபையின் தலைவர் ழெரார் தெ ரிட்ஃபோர் தனியாக உள்ளே நுழைந்து, ரெய்மண்ட் துரோகி, இங்கேயே உட்கார்ந்திருப்பது மானக்கேடு என்று ஓதினார். விடிந்ததும் படை கிளம்பியது.

வழியில் துரான் என்ற இடத்தில் ஓர் ஊற்று இருந்தது. படை அதைத் தாண்டியதும் சலாவுதீனின் ஆட்கள் பின்னால் வந்து அதைப் பிடித்துக்கொண்டார்கள். அம்பு மழைக்கு நடுவே ஊர்ந்த படை ஏரியை எட்டவே இல்லை. மஸ்கானா மேட்டில் சொட்டு நீரில்லாமல் இரவைக் கழித்தது. எதிர் முகாமுக்கு ஏரியிலிருந்து ஒட்டகங்கள் தோல்பைகளில் தண்ணீர் சுமந்து ஏறிக்கொண்டிருந்தன. 4ஆம் தேதி காலை, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்துக் காய்ந்த புல்லுக்குத் தீ வைத்தார்கள். காலாட்கள் வரிசையை உடைத்துக்கொண்டு ஹத்தீன் கொம்புகள் எனப்படும் இரட்டைக் குன்றின் மேல் ஏறிவிட்டார்கள். இறங்கி வரும்படி அரசன் ஆளனுப்பினான். தாகத்தில் செத்துக்கொண்டிருக்கிறோம், எங்களால் சண்டை போட முடியாது என்று பதில் வந்தது. அன்று மாலை சலாவுதீனின் கூடாரத்தில் கைதியாக உட்கார்ந்திருந்த அரசனுக்குத்தான் பனியிட்டுக் குளிர்வித்த பானம் ஒரு கிண்ணம் கிடைத்தது.

சரித்திர ஆசிரியர்கள் ஹத்தீனை ஜெருசலேமின் வீழ்ச்சிக்கு வாசலாகச் சொல்வார்கள். எனக்கு அதில் உறுத்துவது ரெய்மண்டின் நிலைமை. வெயில், இரும்பு, தண்ணீர் மூன்றையும் வைத்துக் கணக்குப் போடத் தெரிந்த ஒருவர் அந்தப் படையில் இருந்தார். கணக்கைச் சொன்னதற்கு அவருக்குக் கிடைத்த பட்டம் துரோகி. அன்றிலிருந்து இன்றுவரை கவசம் எத்தனையோ விதமாக மாறியிருக்கிறது. ஆனால் உள்ளே இருப்பவனின் புழுக்கம் பெரிதாகக் குறைந்துவிடவில்லை. மாறியிருப்பது, வெயிலில் சுருண்டு விழுந்தவன் யார் தவறால் விழுந்தான் என்ற தீர்ப்பு. அந்தத் தீர்ப்பு மாறுவதற்கு நம் தாத்தாக்கள் காலம் வரை ஆயிற்று.

அன்றைய வீரனின் சங்கிலிக் கவசம் 10 முதல் 15 கிலோ வரை இருக்கும். ஆயிரக்கணக்கான சின்ன இரும்பு வளையங்கள். ஒவ்வொன்றையும் பக்கத்தில் உள்ள நான்கோடு கோத்து, முனைகளைத் தட்டையாக்கிக் கடுகளவு ஆணியால் இறுக்கியிருப்பார்கள். விளக்குக்கு எதிரே தூக்கிப் பிடித்தால் மறுபக்கம் தெரியும். காற்று போய் வர அதில் தடையே இல்லை. ஆளை அவித்தது இரும்பு என்று சொல்வது பாதி உண்மைதான். வளையங்கள் வெட்டைத் தடுக்கும், அடியைத் தடுக்காது. வாள் உள்ளே இறங்காவிட்டாலும் எலும்பு முறியும். அதனால் அடியில் ஒரு மெத்தைச் சட்டை போட்டாக வேண்டும். பல மடிப்பு லினன் துணிக்கு நடுவே கம்பளியோ கந்தலோ திணித்து வரிவரியாகத் தைத்தது. புழுக்கத்தின் மூலம் அதுதான். கவசத்துக்கு மேலே போட்டுக்கொண்ட துணி அங்கி வெயிலில் இரும்பு சுடாமல் இருக்க வந்தது என்று பலர் எழுதியிருக்கிறார்கள். குலச் சின்னத்தைக் காட்ட வந்தது என்பாரும் உண்டு. எதற்காக வந்திருந்தாலும் அந்த ஊரில் நிழலாக உதவியிருக்கும்.

சலாவுதீன் பக்கத்து ஆட்கள் இலேசாக உடுத்தி வந்தார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். அந்தக் காலத்துச் சிரியப் பிரபு உசாமா இப்னு முன்கித் தன் நினைவுக் குறிப்புகளில் தன்னுடைய கசாகந்த் என்ற சட்டையை விவரிக்கிறார். வெளியே பார்த்தால் துணிச் சட்டை. உள்ளே முழு நீளத்துக்கு ஒரு பிராங்கியச் சங்கிலிக் கவசம், அதன் மேல் இடுப்பு வரை இன்னொன்று, இவற்றோடு கம்பளம், பட்டு, முயல் ரோமம். சிரியாவில் பிறந்து வளர்ந்தவரே இப்படி மூட்டை கட்டிக்கொண்டிருக்கிறார். ஹத்தீனில் வென்றவர்களின் சூட்சுமம் உடுப்பில் இல்லை, ஒட்டகத்தில் வந்த தோல்பையில் இருந்தது.

உடுப்பை மாற்றிப் பார்த்தவர்களும் உண்டு. 1519இல் மெக்சிகோவில் இறங்கிய ஸ்பானியர்களில் பலர் அங்குள்ளவர்களைப் பார்த்துப் பஞ்சு திணித்துத் தைத்த சட்டைக்கு மாறினார்கள்; அம்புக்கு அதுவே போதுமானதாக இருந்தது. அதே சமயம், 1520 வாக்கில் விஜயநகரத்துக்கு வந்த போர்ச்சுகீசியர் தொமிங்கோ பயஸ் அங்கே அணிவகுத்த படையிடம் பார்த்ததும் இதே வகை: தோலும் தகடும் வைத்துத் தைத்த மெத்தை அங்கி. வெப்ப நாட்டில் பஞ்சு ஜெயித்தது என்று சொல்லலாம். குளுமை என்று சொல்ல முடியாது. பல அடுக்குப் பஞ்சு வெயிலில் தொட்டால் சுடாது, வியர்வையைக் குடிக்கும். குடித்த பின் அந்த ஈரத்தையும் சேர்த்துச் சுமக்க வேண்டும்.

ஐரோப்பாவில் பிறகு வந்த முழுத் தகட்டுக் கவசத்தைப் பற்றி ஒரு தகவல் மட்டும். 2011இல் லீட்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அத்தகைய கவசத்தின் அசல் மாதிரிகளை ஆட்களுக்கு மாட்டி டிரெட்மில்லில் நடக்கவிட்டுப் பார்த்தார்கள். நடப்பதற்கு ஆன சக்தி சாதாரண நடையைப் போல இரண்டு மடங்குக்கு மேல். செலவான சக்தியில் பெரும்பகுதி உடம்பில் சூடாகத்தான் தங்குகிறது.

இனி 2003க்கு வருவோம். ஹத்தீனுக்குக் கிழக்கே, இராக். அமெரிக்கச் சிப்பாய் போட்டிருந்த இன்டர்செப்டர் என்ற குண்டு துளைக்காத ஜாக்கெட்டைப் பிரித்துப் பார்த்தால், வெளியே நைலான் உறை. உள்ளே அரமிட் இழைத் துணி பல அடுக்கு. 1965இல் டூபான்ட் நிறுவனத்தில் ஸ்டெஃபனி க்வோலெக் கண்டுபிடித்த கெவ்லார் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். இந்தத் துணி நனைந்தால் குண்டைப் பிடித்து நிறுத்தும் வலு குறையும். ஆகவே அடுக்குகளை நீர் புகாத உறையில் போட்டு ஒட்டி விடுகிறார்கள். வெளியே இருந்து நீர் புகாது என்றால் உள்ளே இருந்து வியர்வையும் போகாது. முன்னும் பின்னும் உள்ள பைகளில் பைக்கு ஒரு பீங்கான் தகடு. பீங்கான் என்றால் காபிக் கோப்பைச் சரக்கு இல்லை. போரான் கார்பைட் போன்ற, எஃகைவிடக் கடினமான பொருள். நடுத்தர அளவுத் தகடு ஒன்று ஏறக்குறைய 1.8 கிலோ. எல்லாம் சேர்த்து 7.4 கிலோ. சங்கிலிக் கவசத்தைவிடக் குறைந்த எடைதான், ஆனால் காற்றுப் புக ஓர் ஓட்டை கிடையாது.

அந்த 7.4 கிலோவும் நிலைக்கவில்லை. சாலையோர வெடிகள் பெருகப் பெருக, கழுத்துக்கு ஒன்று, தோளுக்கு ஒன்று, இடுப்புக்குக் கீழே ஒன்று என்று துண்டுகள் சேர்ந்தன. 2005இல் இன்னும் கனமான தகடுகள் வந்தன. 2006 ஜனவரியில் ராணுவ மருத்துவர்களின் ஆய்வு ஒன்று செய்தித்தாள்களில் வெளியாயிற்று. மார்பிலும் விலாவிலும் காயப்பட்டு இறந்த மரைன் வீரர்களில் பெரும்பான்மையோர், கவசம் இன்னும் கொஞ்சம் அதிக இடத்தை மறைத்திருந்தால் பிழைத்திருக்கக்கூடும் என்றது. நாடாளுமன்றத்தில் சத்தம் கிளம்பியது. உடனே பக்கவாட்டுத் தகடுகளும் வந்தன. மறைத்த ஒவ்வொரு அங்குலமும் வியர்வை ஆவியாக இருந்த ஓர் அங்குலம் என்பதைப் பற்றி அந்தச் சத்தத்தில் யாரும் அதிகம் பேசவில்லை. எல்லாத் துண்டும் மாட்டியபோது ஜாக்கெட் 15 கிலோவைத் தொட்டது. ஹத்தீன் வீரனின் கவச எடைக்கே வந்து சேர்ந்தாயிற்று. தலைக்கவசம், துப்பாக்கி, தோட்டா, ரேடியோ, தண்ணீர் எல்லாம் தனி.

சும்மா உட்கார்ந்திருக்கும் மனித உடம்பு ஏறத்தாழ 100 வாட் சூட்டை உண்டாக்குகிறது. பாரம் சுமந்து நடந்தால் 400, 500 வாட் என்று ஏறும். காற்றின் சூடு தோலின் சூட்டைத் தாண்டிவிட்டால், அதாவது 35 டிகிரிக்கு மேல் போனால், காற்று நம்மைக் குளிர்விப்பதை விட்டுவிட்டுச் சுட ஆரம்பிக்கும். பிறகு வியர்வை ஒன்றுதான் வழி. ஒரு லிட்டர் வியர்வை முழுதாக ஆவியானால் சுமார் 580 கிலோ கலோரி வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். ஒரு மணி நேர நடையின் சூட்டைக் கழிக்க அதில் முக்கால் பங்கே போதும். சிக்கல் அந்த ‘முழுதாக’ என்பதில் இருக்கிறது. சொட்டி விழுகிற வியர்வையும், பனியன் குடிக்கிற வியர்வையும் உடம்பைக் குளிர்விக்காது. தண்ணீரும் உப்பும்தான் நஷ்டம்.

இராக்கின் வெயில் கொடியது. பக்கத்துக் குவைத்தில் மித்ரிபா என்ற இடத்தில் 2016 ஜூலையில் பதிவான 53.9 டிகிரியை உலக வானிலை அமைப்பே சரிபார்த்து ஏற்றுக்கொண்டிருக்கிறது. ஆனாலும் அது வறண்ட வெயில். திறந்த தோலில் வியர்வை தெரிவதற்குள் காய்ந்துவிடும். ஜாக்கெட் போட்டவனுக்கு இந்தச் சலுகை கிடையாது. அவனுக்கு வெளியே பாக்தாத், உள்ளே மே மாதச் சென்னை. விலாவிலும் முதுகிலும் காற்றசைவு இல்லாமல், ஈரம் நூறு சதவீதத்தை நெருங்கி, ஊற்றியது ஊற்றியபடி நிற்கும். நம் ஊர்ப் புழுக்கத்தில் மின்விசிறி நின்றுபோன மதியத்தை அனுபவித்தவர்களுக்கு மேற்கொண்டு விளக்கம் தேவையில்லை. வேர்க்குரு அந்த ஊர் முகாம்களிலும் வந்தது. பவுடர் டப்பாக்களும் அங்கே போய்ச் சேர்ந்தன.

ஹத்தீன், இன்றைய இராக் என்ற இரண்டு கோடிகளுக்கும் நடுவே, சுமார் நூறாண்டுக்கு முன்னால், இந்தப் பிரச்சினையைப் படித்தவர்கள் கையில் எடுத்தார்கள். அதன் விளைவு கொஞ்ச காலத்துக்கு வேடிக்கையாக இருந்தது. வெப்ப நாடுகளில் வெள்ளைக்காரன் சுருண்டு விழுவது வெப்பத்தால் அல்ல, சூரிய ஒளியில் உள்ள ஏதோ கதிர் மண்டையையும் முதுகுத்தண்டையும் துளைப்பதால் என்று டாக்டர்களே நம்பினார்கள். மண்டைக்கு நெட்டியால் செய்த சோலா தொப்பி வந்தது. முதுகுக்கு? ஒரு பட்டை மெத்தை. சட்டையின் உட்புறம் முதுகெலும்பு நெடுகப் பொத்தான் போட்டு மாட்டிக்கொள்ள வேண்டும். முதல் உலகப்போரில் மெசபொடேமியாவுக்கு, அதாவது இன்றைய இராக்குக்கு, அனுப்பப்பட்ட பிரிட்டிஷ் சிப்பாய்கள் இதை மாட்டிக்கொண்டு நடந்தார்கள். வியர்வை ஊற்றும் முதுகில் கூடுதலாக ஒரு மெத்தை! அமெரிக்கர்களும் சளைத்தவர்கள் இல்லை. அந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் பிலிப்பைன்ஸில் நூற்றுக்கணக்கான சிப்பாய்களுக்கு ஆரஞ்சுச் சிவப்பு உள்ளாடை கொடுத்து, கதிர் தடுக்கப்படுகிறதா என்று சோதித்தார்கள். போட்டுக்கொண்டவர்களுக்கு இன்னும் அதிகமாக வெந்தது என்பதே முடிவு.

மெசபொடேமியாவில் இன்னொன்றும் நடந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் அநியாயம். ஆட்கள் கொத்தாக விழுந்ததும், முகாம்களிலும் வழியிலும் வெப்பத்தாக்குக்கென்றே தனி நிலையங்கள் வைத்தார்கள். ஐஸ், தண்ணீர்த் தொட்டி, விசிறி. கொள்கை தப்பு, கை வைத்தியம் சரி.

தண்ணீர் விஷயத்தில் படைகளின் பிடிவாதம் இன்னும் நீடித்தது. குறைவாகக் குடித்துப் பழகினால் உடம்பு குறைவான தண்ணீரில் வேலை செய்யக் கற்றுக்கொள்ளும் என்பது இரண்டாம் உலகப்போர் வரை பல படைகளில் வேதவாக்கு. பயிற்சியில் தண்ணீரை அளந்துதான் கொடுத்தார்கள். கேட்டு வாங்கிக் குடிப்பவன் பலவீனன். ரெய்மண்டுக்குச் சொன்னதைப் போன்ற ஏச்சு, இப்போது படைத்தலைவன் மட்டத்திலிருந்து கடைசிச் சிப்பாய் வரை இறங்கியிருந்தது. 1942 முதல் ரோசெஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த உடலியல் அறிஞர் எட்வர்ட் அடால்ஃப் தன் குழுவோடு அமெரிக்கப் பாலைவனத்தில் சிப்பாய்களை எடைபோட்டு, நடக்கவிட்டு, மறுபடி எடைபோட்டார். முன்னும் பின்னும் உள்ள எடை வித்தியாசம் வியர்வை. பழக்கினாலும் பழக்காவிட்டாலும் வியர்க்கிற அளவு வியர்க்கத்தான் செய்தது. தண்ணீர் கிடைக்காதவன் சீக்கிரம் ஓய்ந்தான், அவ்வளவுதான் வித்தியாசம். உடம்பு வெயிலுக்குப் பழகும், பத்துப் பதினான்கு நாளில் வியர்வை முன்னதாகச் சுரக்கும், அதில் உப்புக் குறையும். தாகத்துக்கு மட்டும் பழகாது. 1947இல் இதெல்லாம் புத்தகமாக வந்தது. சட்டை போட்டவனைவிட வெறும் உடம்போடு நின்றவனுக்குப் பாலைவனத்தில் அதிகம் வியர்க்கிறது என்ற முடிவும் அதில் உண்டு. அரேபியர்கள் நீள அங்கி போடுவது ஏன் என்று ஆராய்ச்சி செய்யாமலே தெரிந்துவைத்திருந்தார்கள்.

அடுத்த திருப்பம் 1950களில். தென் கரோலினாவின் பாரிஸ் தீவில் மரைன் பயிற்சி முகாம். கடலோரம், சதுப்பு, புழுக்கம். புதிதாகச் சேர்ந்த இளைஞர்கள் கோடையில் தொடர்ந்து விழுந்துகொண்டிருந்தார்கள். யாக்லோ, மினார்ட் என்ற இருவர் வெறும் வெப்பமானியை நம்பாமல் மூன்று அளவைச் சேர்த்தார்கள். ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டுவதில் பத்தில் ஏழு பங்கு, வெயிலில் வைத்த கறுப்புக் கோளத்துக்குள் உள்ள சூட்டில் இரண்டு பங்கு, நிழலில் எடுத்த சாதாரண வெப்பத்தில் ஒரே ஒரு பங்கு. நாம் செய்தியில் தினமும் கேட்கும் எண்ணுக்கு இதில் பத்தில் ஒன்றுதான் மதிப்பு! கிடைத்த எண்ணுக்கு ஏற்ப முகாமில் பச்சை, மஞ்சள், சிவப்பு, கறுப்புக் கொடி ஏறும். கறுப்பு என்றால் பாரன்ஹீட்டில் 90க்கு மேல், நம் கணக்கில் 32.2. அந்தக் கட்டத்தில் கடும் வேலை என்றால் மணிக்குப் பத்து நிமிடம் வேலை, ஐம்பது நிமிடம் ஓய்வு என்று இன்றைய அமெரிக்க ராணுவ அட்டவணை சொல்கிறது. ஈரப்பதமான ஊரில் குண்டு துளைக்காத ஜாக்கெட் போட்டிருந்தால், கிடைத்த எண்ணோடு 5 டிகிரி பாரன்ஹீட் கூட்டிக்கொள்ள வேண்டும். ஜாக்கெட் உடம்புக்கு என்ன செய்கிறது என்பதற்கு இதைவிடச் சுருக்கமான விளக்கத்தை நான் பார்த்ததில்லை.

கொடிக்கம்பத்தில் துணி ஏறிய நாளில் பொறுப்பும் கை மாறியது. கறுப்புக் கொடி பறக்கும்போது ஒருவன் விழுந்தால், அவன் நெஞ்சுறுதியைப் பற்றி யாரும் கேட்பதில்லை. அவனை ஓடவிட்டது யார் என்று கேட்கிறார்கள். அட்டவணையும் ஒரு தடவை தப்பியது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். குடி, குடி என்று வற்புறுத்தியதில் 1990களில் பயிற்சி வீரர்கள் சிலர் அளவுக்கு மீறித் தண்ணீர் குடித்து, இரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போய், இறந்தே போனார்கள். அதன் பிறகுதான் மணிக்கு ஒன்றரைக் குவார்ட்டுக்கு மேல், அதாவது சுமார் 1.4 லிட்டருக்கு மேல் குடிக்காதே என்று மேல் வரம்பும் வந்தது.

கருவிகள் பக்கம் வந்தால், அதிகம் பயன்பட்டவை பெரிய ஆய்வகங்களில் பிறந்தவை இல்லை என்று தோன்றுகிறது. 1980களின் இறுதியில் டெக்சஸில் கடும் கோடையில் நடக்கும் சைக்கிள் பந்தயம் ஒன்றில், ஆம்புலன்ஸ் ஊழியராக இருந்த மைக்கேல் ஐட்சன் குளுகோஸ் ஏற்றும் பையில் தண்ணீரை நிரப்பி, காலுறைக்குள் திணித்து, சட்டையின் முதுகில் தைத்துக்கொண்டார். குழாய் தோள் வழியாக வாய்க்கு வந்தது. அது கேமல்பேக் என்ற பெயரில் வியாபாரமாகி, இராக்கில் அநேகமாக ஒவ்வொரு சிப்பாயின் முதுகிலும் தொங்கியது. நின்று, பையைத் திறந்து, மூடி திருகிக் குடிக்க வேண்டிய தொல்லை போயிற்று. தொல்லை போனதும் ஆள் அடிக்கடி குடிக்கிறான்.

ஜாக்கெட்டுக்கு அடியில் போடும் சட்டையும் மாறியது. ஆரம்பத்தில் வீரர்கள் தாங்களாகவே விளையாட்டு வீரர்களின் பாலியஸ்டர் பனியன்களை வாங்கிப் போட்டார்கள்; வியர்வையை இழுத்துப் பரப்பும், சீக்கிரம் உலரும். வெடித்துத் தீப்பிடித்தபோது அந்தப் பனியன் உருகித் தோலோடு ஒட்டிக்கொண்டது. 2006இல் இராக்கில் முகாமுக்கு வெளியே அவற்றைப் போடக் கூடாது என்று மரைன் படை தடை போட்டது. கொஞ்ச காலத்தில் தீப்பிடிக்காத துணியில், கை மட்டும் சீருடையாகவும் உடல் பகுதி மெல்லிய பின்னலாகவும் ஒரு சட்டை வந்தது. ஜாக்கெட் மறைக்கிற இடத்தில் சீருடைத் துணி எதற்கு என்று இத்தனை காலம் யாருக்கும் தோன்றவில்லை.

விண்வெளி வீரர்கள் போடும் நீர்க்குழாய் உள்ளாடை இன்னொரு பாதை. குளிர்ந்த திரவம் மெல்லிய குழாய்களில் உடம்பைச் சுற்றி ஓடும். ஹெலிகாப்டர் விமானிகளுக்கு அது நன்றாகவே உதவுகிறது. வண்டியில் மின்சாரம் இருக்கிறது, குளிர்விக்கும் பெட்டியை வண்டியே சுமக்கிறது. நடந்து போகிறவனுக்கு அதைக் கொடுத்தால் பேட்டரியையும் பெட்டியையும் அவன்தான் சுமக்க வேண்டும். சுமந்த உழைப்பின் சூடே கிடைத்த குளிர்ச்சியில் ஒரு பங்கைத் தின்றுவிடும். ஐஸ் பொதி வைத்த பனியனுக்கும் இதே கதி: உருகும் வரை சுகம், உருகிய பின் இன்னொரு பாரம். அமெரிக்கப் போலீஸார் சிலர் ரோந்துக் காரின் ஏ.சி. துவாரத்திலிருந்து ஒரு குழாயை இழுத்து ஜாக்கெட்டின் கழுத்துக்குள் விட்டுக்கொள்கிறார்கள். கேலிக்குரியதாகத் தெரிந்தாலும், ஈரம் தேங்கிய இடத்துக்கே நேராகக் காற்றை அனுப்புகிற அந்தக் குழாய் எனக்குப் பிடித்திருக்கிறது.

சிப்பாய்க்குத் தெரிந்த பழைய வழி ஒன்று உண்டு: கழற்றுவது. வியட்நாமில் எடுத்த படங்களைப் பாருங்கள். நான்கைந்து கிலோ நைலான் கவசத்தை வெறும் உடம்பின் மேல் போட்டு, முன்பக்கம் முழுதும் திறந்துவிட்டபடி நிற்பார்கள்; அதையும் போடாமல் போன காலாட்படைகள் ஏராளம். இராக்கில் அது நடக்கவில்லை. முகாமைத் தாண்டினால் எல்லாத் துண்டும் மாட்டியிருக்க வேண்டும் என்பது கட்டளை. ஆப்கானிஸ்தானின் மலைகளில் அந்தக் கட்டளை தாக்குப்பிடிக்காமல், 2009 வாக்கில் நெஞ்சையும் முதுகையும் மட்டும் மறைக்கும் இலேசான தகட்டு ஜாக்கெட் வந்தது. இப்போது கவசத்தைப் படிநிலைகளாகப் பிரித்து, எந்த வேலைக்கு எந்த அளவு என்று தளபதியே முடிவு செய்ய இடம் கொடுத்திருக்கிறார்கள். மேலே வெயில், எதிரே குண்டு. இரண்டில் எது இன்று அதிகம் கொல்லும் என்று பார்த்துத் துண்டைக் கழற்றச் சொல்லும் அதிகாரம். கணக்குத் தப்பினால் அதற்கும் அவர்தான் பதில் சொல்ல வேண்டும். பொறியில் சிக்கிய படைக்குப் பத்து நிமிட வேலை, ஐம்பது நிமிட ஓய்வு என்பதெல்லாம் காகிதத்தோடு சரி என்பதும் எல்லோருக்கும் தெரியும்.

நம் நாட்டில் 2018இல் குண்டு துளைக்காத ஜாக்கெட்டுக்கென்று இந்தியத் தர நிர்ணய அமைப்பு தனித் தரம் வெளியிட்டது. 2024 செப்டம்பரில் டி.ஆர்.டி.ஓ.வும் டெல்லி ஐ.ஐ.டி.யும் சேர்ந்து உருவாக்கிய அபேத் என்ற ஜாக்கெட் அறிவிக்கப்பட்டது. பாதுகாப்பு அளவைப் பொறுத்துக் குறைந்தபட்ச எடை 8.2 கிலோவும் 9.5 கிலோவும். செய்தித்தாள்கள் எடையைத்தான் தலைப்பில் போட்டன. எடை குறைவதில் லாபம் உண்டு, சுமக்கிறவனுக்கு உழைப்பின் சூடு குறையும். மறைக்கிற தோலின் பரப்பு குறைவதில்லை. சத்தீஸ்கர் காட்டில் மழைக்காலத்தில் நடக்கிற சி.ஆர்.பி.எஃப். ஜவானுக்குக் காற்றும் ஈரம், ஜாக்கெட்டுக்குள்ளும் ஈரம். அவனுக்குப் பாக்தாத்தின் வறட்சிகூட வாய்ப்பதில்லை. மேலே சொன்ன மூன்று வெப்பமானிக் கணக்கில் மே மாதச் சென்னை 30ஐத் தாண்டுவது சாதாரணம். அதோடு ஜாக்கெட்டுக்கான கூட்டலைச் சேர்த்தால் கறுப்புக் கொடிதான். கோடை வந்தால் சந்திப்பில் நிற்கும் போக்குவரத்துக் காவலருக்கு மோர் கொடுக்கும் படம் நம் பத்திரிகைகளில் தவறாமல் வரும். நல்ல காரியம். அவர் அங்கே எத்தனை மணி நேரமாக நிற்கிறார், அடுத்த ஆள் எப்போது வருவார் என்பதையும் படத்தின் கீழ் ஒரு வரி போட்டால் இன்னும் நன்றாக இருக்கும்.

ஜார்ஜியாவில் உள்ள ஃபோர்ட் பென்னிங் பயிற்சி முகாமில் கோடைப் பயிற்சிக்குப் போகும் இடத்தில் ஐஸ் பெட்டி ஒன்று கூடவே போகிறது. உள்ளே குடிதண்ணீர் இல்லை. ஐஸ் தண்ணீரில் ஊறிய சாதாரணப் படுக்கை விரிப்புகள். பயிற்சி வீரன் தடுமாறினால், உளறினால், முதலில் கழற்றுவது ஜாக்கெட். 2007இல் வந்த மாதிரியிலிருந்து அதற்கென்றே ஒரு நாடா இருக்கிறது. ஒரே இழுப்பில் உள்ளே ஓடும் கம்பி உருவிக்கொண்டு மொத்தக் கவசமும் பிரிந்து கீழே விழும். பிறகு பூட்ஸ், சட்டை. கழுத்து, அக்குள், தொடையிடுக்கு, தலை எல்லாம் மூடும்படி விரிப்பைச் சுற்றுகிறார்கள். சூடேறிய உடம்பில் அது சீக்கிரமே வெதுவெதுப்பாகிவிடும். உடனே எடுத்துப் பெட்டியில் போட்டு அடுத்ததைச் சுற்ற வேண்டும். ஆம்புலன்ஸுக்குச் சொல்லியாகிவிட்டது, ஆனால் அது வரும் வரை காத்திருப்பதில்லை. குளிர்விப்பது முதல் வேலை, ஏற்றிக்கொண்டு போவது இரண்டாவது. பெட்டியில் விரிப்பு இருக்கிறதா, ஐஸ் உருகாமல் இருக்கிறதா என்று காலையில் ஆட்கள் வரிசையில் நிற்கும் முன்பே பார்த்து வைக்க வேண்டியது பயிற்சியை நடத்தும் அதிகாரியின் வேலை.